எவரிஸ்தோவின் இருபத்தெட்டாவது சாவு

எவரிஸ்தோ லுஹான் தொலைக்காட்சியில் முதன்முதலாகச் செத்தபோது அவனுக்கு இருபத்து நான்கு வயது. லாரி திருடுகிறவனாக வந்து, கையில் கத்தியோடு நாற்பது விநாடி ஓடி, போலீஸ்காரன் சுட்டதும் இரும்புப் படிக்கட்டில் உருண்டு விழுந்து செத்தான். அது எழுபத்தொன்றாம் வருஷம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக்காரர்கள் நெருங்கி வாழும் பாயில் ஹைட்ஸில், முதலாம் தெருவில், அவன் அப்பா ஹிலாரியோவின் வீட்டுக் கூடத்தில் பதினாறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

ஹிலாரியோ ரொட்டிக்கடையில் அடுப்புப் பார்க்கிறவர். விடிவதற்கு வெகு முன்னால் எழ வேண்டியவர் என்பதால் சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துவிடுவார். அன்றைக்குப் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையன் விழுந்து செத்ததும் கூடமே கைதட்டியது. ஹிலாரியோ கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். பெயர் வரும், பொறுங்கள் என்றார்.

பெயர்கள் வந்தன. அவருக்கு ஆங்கிலம் பேச அவ்வளவாக வராது, ஆனால் எழுத்துக் கூட்டுவார். எழுந்து பெட்டிக்கு அருகில் போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சோப்பு விளம்பரம் வந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"உன் பேரு வரலையேடா" என்றார்.

"வந்துச்சுப்பா. எவன் லேன்னு போட்டாங்களே, அது நான்தான்."

"எவன் லேனா? அது எவன்டா?"

கூடம் சிரித்தது. ஹிலாரியோ சிரிக்கவில்லை. லுஹான் என்ற பெயரோடு உள்ளே விட மாட்டார்கள், ஏஜென்ட்தான் இந்தப் பெயரைக் கொடுத்தார் என்று எவரிஸ்தோ தணிந்த குரலில் சொன்னான். அப்பா திட்டுவார் என்று நினைத்தான். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அறை வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

"நீ செத்ததுல எனக்கு ஒண்ணும் இல்ல. யாரு செத்தான்னு தெரியாமப் போச்சே, அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

மறுநாள் காலையில் எவரிஸ்தோ பஸ் பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், படக் கம்பெனிகள் இருந்த பகுதிக்குப் போனான். ஏஜென்ட் கேட்ஸ் நல்ல மனிதர்தான். அலுவலகத்தில் காப்பி கொடுத்து உட்கார வைத்தார். இனிமேல் சொந்தப் பெயர்தான் என்றதும் மட்டும் முகம் மாறிவிட்டது. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது என்றார், சுவரொட்டியில் ஏறாது என்றார். கடைசியில், "அந்தப் பேரை வெச்சுக்கிட்டா உனக்குக் கத்தி பிடிக்கிற வேஷம்தான் கிடைக்கும், தெரிஞ்சுக்க" என்றார்.

"எவன் லேனா இருந்தப்பவும் நீங்க கத்திதானே சார் கொடுத்தீங்க?"

கேட்ஸ் காப்பிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். கோபம் வந்துவிட்டது. அத்தோடு அவர்களுடைய உறவு முடிந்தது.

அடுத்த இரண்டு வருஷம் எவரிஸ்தோ தன் அப்பா வேலை செய்த ரொட்டிக்கடையின் வண்டியை ஓட்டினான். விடியற்காலையில் இனிப்பு ரொட்டித் தட்டுகளைக் கடை கடையாக இறக்கிவிட்டு, பத்து மணிக்குத் தலையில் ஒட்டின மாவைத் தட்டிக்கொண்டு நடிகர் தேர்வு வரிசையில் போய் நிற்பான். பெயரைச் சொல்வான். எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். கூட்டுவான். அடுத்தவனைக் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் நியேவெஸைக் கட்டிக்கொண்டான். ஜீன்ஸ் தைக்கிற ஆலையில் அவளுக்கு ஜிப் வைக்கிற வேலை. வாய்த் துடுக்கு, கை அதைவிடத் துடுக்கு. இவன் வரிசையில் நின்று வாடுவதைப் பார்த்துவிட்டு, கோயில் அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, ஊரில் இருந்த படக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வாராவாரம் கடிதம் போட ஆரம்பித்தாள். "திரு. எவரிஸ்தோ லுஹான் இந்த வாரம் படப்பிடிப்புக்கு வர இயலும்" என்று எழுதுவாள். மற்ற வாரங்களில் அவன் மூச்சுவிட நேரமில்லாமல் அலைவதுபோல ஒரு தோரணை. அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எழுபதாவது கடிதமோ எண்பதாவது கடிதமோ வேலை செய்தது. கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டதும், "ஓ, அந்த லுஹானா?" என்றார்கள். யாரோ பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது, ரொட்டி வண்டியை விடுகிற அளவுக்கு இல்லாவிட்டாலும். எல்லாம் சாகிற வேலை.

முதல் சாவையும் சேர்த்துப் பதினான்கு வருஷத்தில் இருபத்தேழு முறை செத்தான். துப்பாக்கியால் பாதி. மிச்சம் கத்தி, கார் விபத்து, ஒரு தடவை பாம்பு. கோர்ட்டு வாசலில் செத்தான், குதிரையிலிருந்து விழுந்து செத்தான், பாரில் சும்மா பீர் குடித்துக்கொண்டிருந்தவன் யாருக்கோ வந்த குண்டு பட்டுச் செத்தான். கதைத்தாளில் அவனுக்குப் பெயர் இருக்காது. "ரவுடி இரண்டு" என்று இருக்கும், "எல்லை தாண்டியவன்" என்று இருக்கும். கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் மட்டும் எவரிஸ்தோ லுஹான் என்று பிசகாமல் வரும். ஹிலாரியோ விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போவார்.

தெருவுக்கு அது பெரிய வேடிக்கை. தாச்சோவின் சலூனில் உயரத்தில் ஒரு டிவி இருந்தது. எவரிஸ்தோ வருகிற நாளில் கடையைச் சாத்தாமல் எல்லோரும் உட்கார்ந்து, இந்தத் தடவை எத்தனை நிமிஷம் தாங்குவான் என்று பீர் பந்தயம் வைப்பார்கள். தாச்சோ அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அதனால் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. சலூன் வாசலில் எவரிஸ்தோ தலை தெரிந்தாலே, "வாடா பொணம், இன்னும் அடக்கம் பண்ணலையா ஒன்ன?" என்பான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. காய்கறிக்கடைக்காரி கூட, பொணத்துக்கு நாலு தக்காளி போடு என்று பையனிடம் சொல்வாள்.

எவரிஸ்தோவும் சேர்ந்து சிரிப்பான். உண்மையாகவே சிரித்தான். இந்தத் தெரு அவனைக் கேலி செய்தாலும் ஒரு நாளும் அவன் வருகிற நிகழ்ச்சியைத் தவறவிட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு நாள்தான் சிரிப்பு வரவில்லை. மகள் பெலேனுக்கு அப்போது ஏழு வயது. உன் அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் டீச்சர் கேட்டாராம். "சாவார்" என்று சொன்னாளாம். வீட்டுக்கு வந்து, டீச்சர் ஏன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்த வேஷம் வந்தாலும் அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைப்பான். எந்த ஊரில் பிறந்தான், அம்மா எப்படிப்பட்டவள், காலையில் என்ன சாப்பிட்டான், எதற்குப் பயப்படுவான் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவான். இரண்டு வசனம் பேசிச் சாகிறவனுக்கு நான்கு பக்கம். இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகிறது என்று நியேவெஸ் ஒரு நாள் கேட்டாள்.

"அவன் எப்படிச் சாவான்னு எல்லாருக்கும் தெரியுது. எப்படி இருந்தான்னு எனக்காவது தெரிய வேணாமா?" என்றான்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் கூப்பிட்டார்கள். அப்போது அமெரிக்காவே அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதைத்தாளில் "தோட்டக்காரன்" என்று போட்டிருந்தது. பூச்சிமருந்து உடம்பில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வேலை போய்விடும் என்று பயந்து என்ன மருந்து அடித்தான் என்பதைச் சொல்லாமல் மறைக்கிறான். மூன்று காட்சி. மூன்றாவதில் சாவு. இருபத்தெட்டாவது.

நியேவெஸின் அண்ணன் பாஸடீனாவில் பங்களா பங்களாவாகப் போய்ப் புல் வெட்டுகிறவர். எவரிஸ்தோ மூன்று நாள் அவரோடு போனான். மச்சான் எப்படி நிற்கிறார், வீட்டுக்கார அம்மாவிடம் பேசும்போது தொப்பியை எங்கே வைத்துக்கொள்கிறார், இடுப்பு வலித்தால் எப்படி அதைக் காட்டிக்கொள்ளாமல் குனிகிறார் என்று பார்த்தான். மச்சான் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை, யாரிடமும் கெஞ்சவும் இல்லை. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது வண்டியிலேயே தோட்டக்காரனுக்குப் பெயர் வைத்துவிட்டான்.

படப்பிடிப்புக்குப் போனால், தாளில் இருந்தது வேறு. தோட்டக்காரன் உரக்க அழ வேண்டும், இருக்கிற புனிதர்களை எல்லாம் கூப்பிட வேண்டும், டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் மன்றாட வேண்டும். இயக்குநர் ஜோன் விட்லாக் நெட்டையான பெண்மணி. எந்நேரமும் வாயில் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார். எவரிஸ்தோ அவரிடம் போய், இந்த மனிதன் இப்படி அழ மாட்டான் என்று சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எழுதினபடி முதலில் செய், நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்றார்.

எழுதினபடி இரண்டு முறை செய்தான். அழுதான், மன்றாடினான், குறை சொல்ல முடியாதபடி செய்தான். சாப்பாட்டு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. விட்லாக் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. ஒண்ணே ஒண்ணு. உன் இஷ்டப்படி" என்றார்.

டாக்டராக நடித்தவர் ஹெரால்டு ப்ரென்டிஸ், தொடரின் கதாநாயகன். வழக்கம்போல உள்ளே வந்தார், வழக்கம்போல நாடித்துடிப்பைப் பார்த்தார், கவலைப்படாதே நண்பனே, அமீகோ, பார்த்துக்கொள்ளலாம் என்று தன் வசனத்தைச் சொன்னார். எவரிஸ்தோ அழவில்லை. கசங்கிக் கிடந்த போர்வையை மெதுவாக இழுத்து நேராக்கினான். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார், வீடு இப்படிக் கிடக்கிறதே என்பதுபோல. பிறகு அவரைப் பார்த்தான்.

"டாக்டர், உங்க பேரு என்ன?"

ப்ரென்டிஸ் திகைத்தார். ஆனால் பழம் தின்று கொட்டை போட்டவர், சமாளித்துக்கொண்டு தன் பாத்திரத்தின் பெயரைச் சொன்னார்.

"என் பேரு க்ரெசென்சியோ அபார்கா. வலியை நான் தாங்கிக்கறேன். நீங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்."

ப்ரென்டிஸ் சொல்லிப் பார்த்தார். தப்பாக வந்தது. எவரிஸ்தோ முகம் சுளிக்காமல், அவசரப்படாமல், ஒவ்வோர் அசையாகத் திருத்தினான். இரண்டாவது முறையும் தப்பு. மூன்றாவது முறை சரியாக வந்ததும் ப்ரென்டிஸ், தாளில் எங்கேயும் இல்லாதபடி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, "மிஸ்டர் அபார்கா, என்ன மருந்து அடிச்சீங்க? என்கிட்ட மறைக்காதீங்க" என்றார். எவரிஸ்தோ சுவரைப் பார்த்தான். பிறகு மருந்தின் பெயரைச் சொன்னான், ஏதோ கூடாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போல.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கேமராவில் சுருள் தீர்ந்துதான் நின்றது. விட்லாக் வாயில் இருந்த பென்சில் இரண்டாக ஒடிந்திருந்தது. மேலே ஏணியில் விளக்குப் பிடித்திருந்த எல் மான்டே ஊர்க்காரன் ஒருவன் ஸ்பானிய மொழியில், "சரியா வந்துச்சுண்ணே" என்றான், எவரிஸ்தோவுக்கு மட்டும் கேட்கும்படி.

சாவுக் காட்சியை வியாழக்கிழமை எடுப்பதாக இருந்தது. புதன்கிழமை வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. நியேவெஸ்தான் எடுத்தாள். எவரிஸ்தோ ரொட்டி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்னக் கொல்லப் போறதில்லையாம்."

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "வேற ஆளைப் போட்டுட்டாங்களா?"

"அட மக்கு. நீ பொழச்சுக்கறே. கதையை மாத்தி எழுதிட்டாங்க. மருந்துப் பேரைச் சொல்லிட்டல்ல, டாக்டர் காப்பாத்திடறார். எழுதுறவங்க எல்லாரும் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தாங்களாம். ஒருத்தருக்கும் ஒன்னக் கொல்ல மனசு வரலையாம்."

அவன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னான். நான்காவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

வெளியே மூச்சுவிடக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒளிபரப்பாக ஆறு வாரம் ஆனது. நியேவெஸ் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஆறு வாரத்தைப் பற்றி அவள் அண்ணன் இன்றைக்கும் வியந்து பேசுவார்.

அன்று சாயங்காலம் சலூன் நிரம்பி வழிந்தது. எழுபது தாண்டிய ஹிலாரியோவை முடிவெட்டுகிற நாற்காலியில் ராஜாமாதிரி உட்கார வைத்திருந்தார்கள். தாச்சோ பந்தயப் பட்டியலை எழுதினான். முதல் காட்சியில் செத்துவிடுவான் என்று இரண்டு பேர், இரண்டாவதில் என்று ஆறு பேர், மிச்சம் எல்லோரும் கடைசி. பிழைப்பான் என்று ஒருவரும் வைக்கவில்லை. அப்படி ஒரு கட்டமே பட்டியலில் இல்லை.

அபார்கா தன் பெயரைச் சொன்ன காட்சியில் சலூனில் பேச்சு அடங்கியது. தோட்ட வேலைக்காரர்கள் நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மூச்சுத் திணறல், குழாய்கள், ஓடுகிற நர்சுகள். டாக்டர் நம்பிக்கையில்லாமல் தலையை ஆட்டினார். தாச்சோ எழுந்து, "சரி, முடிஞ்சுது" என்று சொன்னான். குரலில் வழக்கமான கேலி இல்லை. விளம்பரம் வந்தது. எவரிஸ்தோ மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நியேவெஸ் அவன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

விளம்பரம் முடிந்தது. ஜன்னலில் வெயில். க்ரெசென்சியோ அபார்கா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரி சூப்பைக் கரண்டியால் துழாவிக்கொண்டு, இதில் கொஞ்சம் மிளகாய் போடக் கூடாதா என்று நர்சிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

தாச்சோ வாயைத் திறந்து மூடினான்.

"டேய்" என்றான் கடைசியில். "பொணம் பொழச்சுக்கிச்சுடா."

அதற்குப் பிறகு நடந்ததை முதலாம் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். யாரோ வெளியே ஓடிக் காரின் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்கள். அடுத்த கார் சேர்ந்துகொண்டது. உலகக் கோப்பையில் ஜெயித்ததுபோலத் தெருக்கோடி வரைக்கும் ஹாரன். சலவைக்கடையிலிருந்து பெண்கள் ஈரத் துணியோடு வெளியே வந்து என்ன ஏது என்று கேட்டார்கள். எவரிஸ்தோவைத் தோளில் தூக்கிவிட்டார்கள், அவன் தலை கூரை விசிறியில் இடிக்கப் பார்த்தது. ஹிலாரியோ மட்டும் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பட்டியல் முடியும்வரை பார்த்தார். பிறகு மகனைக் கீழே இறக்கச் சொல்லி, கிட்டே கூப்பிட்டு, மாவு வேலையில் தடித்துப்போன கையால் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் தொலைக்காட்சி நிலையத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. ஃப்ரெஸ்னோவிலிருந்து, எல் பாஸோவிலிருந்து, சிகாகோவிலிருந்து. அபார்காவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பு தேறி, அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, இரவுப் பள்ளியில் படித்து நர்ஸ் ஆனார். ஆறு வருஷம் அந்தத் தொடரில் இருந்தார். எவரிஸ்தோ ரொட்டி வண்டிச் சாவியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போன அன்று அவர் அதை வாங்கிக்கொள்ளாமல், எதற்கும் இருக்கட்டும், நீயே வைத்துக்கொள் என்றார்.

பிறகு சினிமா. நீதிபதியாக நடித்தார், பாதிரியாராக நடித்தார், பேஸ்பால் பயிற்சியாளராக நடித்தார். செனட்டராக ஒரு படத்தில் செத்தும் போனார். செனட்டர் என்பதால் அரை மணி நேரம் துக்கம் காட்டினார்கள். இதுதான்டா சாவு என்று தாச்சோ தியேட்டரில் எழுந்து நின்று சொன்னான். ஹிலாரியோ அந்தப் படம் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில், தூக்கத்திலேயே, அமைதியாகப் போய்ச் சேர்ந்திருந்தார்.

அறுபத்தொரு வயதில் எவரிஸ்தோவுக்கு முழுநீளப் படம் ஒன்றின் கதாநாயகன் வேஷம் வந்தது. குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, நகராட்சியோடு தனியாளாக மல்லுக்கு நிற்கிற ஒரு பொறியாளர். கதை நடப்பது பாயில் ஹைட்ஸில். தயாரிப்பாளர்கள் வேறு ஊரில் தெருவைக் கட்டி எடுக்கலாம் என்றார்கள். எவரிஸ்தோ மறுத்துவிட்டார். முதலாம் தெருவிலேயே எடுங்கள், தெருவில் நடக்கிறவர்களாக அங்கே நடக்கிறவர்களையே போடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். நியேவெஸ் பயந்துபோனாள். இரண்டு நாள் கழித்து அவர்கள் சம்மதித்தார்கள்.

முதல் நாள் படப்பிடிப்பு காலை எட்டு மணிக்கு. தெருவை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். முடிவெட்டுகிறவராகத் தாச்சோவே உட்கார்ந்திருந்தார், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு. எல்லாம் தயார். மூலையில் தமால் என்கிற சோளமாவுப் பண்டத்தை ஆவியில் வேகவைத்து விற்கிற எதுவிஹெஸ்தான் நகர மாட்டேன் என்றாள். உதவி இயக்குநர்கள் இரண்டு பேர் கெஞ்சினார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூலையில் நிற்கிறேன், வேண்டுமானால் உங்கள் கேமராவை நகர்த்திக்கொள்ளுங்கள் என்றாள். விஷயம் எவரிஸ்தோவின் காதுக்குப் போய் அவரே வந்தார்.

"எவரி அண்ணே, பஸ்ஸுக்குப் போற ஜனம் வர்ற நேரம்" என்றாள் அவள், பானை மூடியைத் திறந்தபடியே. "ஒங்க படம் நாளைக்கும் இருக்கும். என் தமால் ஆறிப்போயிடும்."

எவரிஸ்தோ இயக்குநரிடம் போய், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். இயக்குநர் சிறு வயதுக்காரர், முதல் படம், நெற்றியில் வியர்வை. கொஞ்ச நேரம் பானையிலிருந்து எழும் ஆவியையும் அதன் மேல் விழும் வெயிலையும் பார்த்தார். பிறகு கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

எவரிஸ்தோ பொறியாளராகக் கையில் பையோடு நடந்து வந்தார். அவருக்கு அந்த இடத்தில் வசனம் கிடையாது. எதுவிஹெஸ் தலையை நிமிர்த்தாமலே, "என்ன எஞ்சினியரே, இன்னிக்கு லேட்டு? பொண்டாட்டி கதவைத் தொறந்து விடலையா?" என்றாள். தெருவே குலுங்கிச் சிரித்தது. எவரிஸ்தோ நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். கதவைத் திறந்துதான் விட்டாள், சாப்பாடுதான் போடவில்லை என்று பதில் சொல்லி, சுடச்சுட ஒரு தமாலை வாங்கி, சோளத் தோலை உரித்துக்கொண்டே நடந்து போனார். கயிற்றுக்கு அப்பால் நின்ற நியேவெஸ் ஏதோ கத்தினாள்.

இயக்குநர் துள்ளிக் குதித்து ஓடிவந்தார். பிரமாதம், அப்படியே இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்றார். எதுவிஹெஸ் பானையை மூடினாள்.

"எதுக்கு இன்னொரு தடவை? நல்லாத்தானே பண்ணினேன்?"

இயக்குநர் எவரிஸ்தோவைப் பார்த்தார். எவரிஸ்தோவின் வாய் நிறையத் தமால். மென்று விழுங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நல்லாத்தான் பண்ணினா" என்றார் அவர். "இன்னொரு தடவை வேண்டியதில்ல."

கயிற்றுக்கு வெளியே பஸ் வந்து நின்றது. இறங்கின ஜனம் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராகத் தமால் பானையிடம் போய் வரிசையில் நின்றது. படக்காரர்களும் ஒவ்வொருவராக அந்த வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.